அன்னமேரி அம்மா பேரில் ஒரு கணக்கு

அருள்ஜோதி 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்தாள். அப்பா லாரன்ஸுக்கு விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை அச்சடிக்கும் வேலை. அவளும் செராமிக் டிப்ளமா முடித்து, ஒரு பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதினாள். மெருகு தெளிக்கும் புகை அவள் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பதினான்கு மாதத்தில் வேலையை விட்டாள். 2019 ஜூன் 10ஆம் தேதி, ஆற்றோரம் முதியோர் இல்லத்தில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்தாள்.

அவளைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க ஐயா, ஆனா பேர மாத்திடுங்க" என்றாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேதிகளை மாற்றவில்லை.

நான் 2018 மார்ச் முதல் ஆற்றோரத்தில் இருக்கிறேன். அதற்கு முன் முப்பத்தொரு ஆண்டுகள் ஓர் அணைக்கட்டில் நீர்மட்டம் குறித்தவன். பார்த்ததை அன்றே எழுதிவைப்பது அங்கிருந்து வந்த வழக்கம். இதில் நான் நேரில் பார்க்காத இடங்கள் அருள்ஜோதியும் இல்லத்தின் செயலாளர் ஞானதாஸும் சொன்னவை.

இல்லத்தைத் தொடங்கியவர் அன்னமேரி டீச்சர். எல்லோருக்கும் அன்னமேரி அம்மா. 2016 நவம்பர் 9ஆம் தேதி, புதன்கிழமை, காலமானார். ஆனால் இல்லத்தில் எந்தக் காகிதத்திலும் அவர் காலமாகவில்லை. கேஸ் இணைப்பு அவர் பேரில். பால் அட்டை அவர் பேரில். செய்தித்தாள் சந்தா அவர் பேரில். சிலிண்டர் பதிவு செய்தால் "அன்புள்ள அன்னமேரி" என்றுதான் செய்தி வரும். யாரும் மாற்றச் சோம்பேறித்தனப்படவில்லை. மாற்றுவது பாவம் என்று நினைத்தார்கள். புதிதாக வாங்கிய மிக்ஸியின் உத்தரவாத அட்டையில்கூட ஞானதாஸ் அவர் பெயரைத்தான் எழுதினார்.

2020இல் ஊரடங்கு வந்ததும், பிறந்த நாளுக்கும் திதிக்கும் சாப்பாடு கொண்டுவருபவர்கள் வருவது நின்றது. நாற்பத்தொரு பேருக்கு மூன்று வாரம் கஞ்சியும் துவையலும். அப்போது அருள்ஜோதிதான் சொன்னாள், வர முடியாதவர்களுக்கு நாம் வீடியோவாகப் போகலாம் என்று. மே 18ஆம் தேதி, திங்கட்கிழமை, தன்னுடைய போனில் ஒரு முகநூல் கணக்கு தொடங்க உட்கார்ந்தாள்.

"யாரு பேருல சார் போடறது? ஒங்க பேருலயா?"

ஞானதாஸ் இரண்டு கையாலும் மறுத்தார். "இந்த வூட்ல எது ஆரம்பிச்சாலும் அம்மா பேருலதான். ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்கும் அது வசதியாக இருந்தது. பெண் பிள்ளையின் பேரும் படமும் இணையத்தில் வரக் கூடாது என்று லாரன்ஸ் சொல்லியிருந்தார். ஆகவே, கணக்கு அன்னமேரி என்ற பேரில் பிறந்தது. பிறந்த தேதி அம்மாவினுடையது. படம் கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் படம், மாலை தெரியாமல் வெட்டியது. போன் எண் மட்டும் அருள்ஜோதியுடையது. அந்தக் கணக்கின் கீழ் இல்லத்துக்கு ஒரு பக்கம் உருவாக்கினாள்.

முதல் வீடியோ காசியம்மாள் சின்ன வெங்காயம் உரிப்பது. காசியம்மாளுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. வாய் அடங்காதவள். "இத எவன்டி ஒக்காந்து பாப்பான்?" என்று கேட்டுக்கொண்டே உரித்தாள். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதன் பிறகு எங்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு முறை ஏற்பட்டது. அன்றைய சாப்பாட்டைக் கொடுப்பவர் பெயரை வெள்ளைப் பலகையில் எழுதி, இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் சேர்ந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். வீடியோ நன்றாக வந்த பிறகுதான் இலையில் கை வைக்கலாம். ரசம் ஆறிவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் துவையல் நாட்கள் போய்விட்டன என்பதை யாரும் மறக்கவில்லை.

அவளுக்கு அந்த வேலை கைவந்தது. எந்த நேரத்தில் போட்டால் வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள், எந்தப் படத்துக்குப் பதில் வருகிறது, எதைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டிக் குறித்துவந்தாள். அழுகிற முகத்தைப் போட மாட்டாள். "பரிதாபப்பட்டு ஒரு தடவ குடுப்பாங்க ஐயா, பழகிட்டாதான் மாசா மாசம் குடுப்பாங்க" என்பாள். நன்கொடையாளர்களின் பிறந்த நாள், கல்யாண நாள், திதி எல்லாம் அவளிடம் இருந்தன. ஒரு வாரம் முன்பே நினைவூட்டுவாள்.

2022 மார்ச் 5, 6 தேதிகளில் கடலூரில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போய்வந்தாள். அங்கே பாடம் நடத்தியவர் சென்னைக்காரர். நிறுவனத்தோடு யாரும் பேச மாட்டார்கள், ஆளோடுதான் பேசுவார்கள், ஒரு முகம், ஒரு குரல் போதும், எந்தச் செய்திக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும் என்றாராம். அவள் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அவரு சொன்னதெல்லாம் நம்ம ஏற்கெனவே செய்யிறோம் ஐயா. அன்னமேரி அம்மாதான் பதில் எழுதறாங்களே."

உண்மை. பக்கத்துக்கு வரும் செய்திகளுக்குப் பதில் அம்மாவின் பேரில், அம்மாவின் படத்தோடு போனது. எழுதுபவர்கள் "அம்மா" என்று தொடங்கினார்கள். அவள் "என்னப்பா" என்று தொடங்கினாள். ஏமாற்ற வேண்டும் என்று எண்ணி அவள் அதைச் செய்யவில்லை. கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யும்போது "அன்னமேரி பேசறேன்" என்று சொல்வாளே, அதைப் போலத்தான் ஆரம்பித்தது.

திருமால் என்பவரின் முதல் செய்தி 2021 ஜூலை 27இல் வந்தது. திட்டக்குடிக்காரர். கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். அப்போது முப்பத்தெட்டு வயது. அவருடைய தாயார் இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. விமானம் இல்லாததால் வர முடியவில்லை. காசியம்மாள் சாப்பிடும் வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். நான்கே வரிகள். கடைசி வரி, எங்கம்மாவும் இப்படித்தான் சோத்தப் பெசைவாங்க.

அருள்ஜோதி அதை இரண்டு முறை படித்தாளாம். பிறகு எழுதினாள்: "நீ சாப்பிட்டியாப்பா?"

அதிலிருந்து திருமால் தினமும் எழுதினார். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது எழுதுவார். இங்கே காலை ஏழு மணி. வீட்டுக்காரியோடு சண்டை, மேற்பார்வையாளரின் வசவு, உடன் வேலை செய்தவன் கண்ணெதிரே சாரத்திலிருந்து விழுந்தது, எல்லாம் எழுதுவார். அவர் அறையில் பதினேழு பேர். ஒவ்வொருவராக அவர்களும் எழுதத் தொடங்கினார்கள். 2024இல் மாதத்துக்குப் பதினொரு நாள் மதியச் சாப்பாடு அந்த அறையிலிருந்து வந்தது. பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் அறுபத்து மூவாயிரம்.

அவள் எங்கேயும் போக முடியாமல் ஆனாள். சித்தப்பா மகள் கல்யாணத்தில், ஸ்ரீமுஷ்ணம் மண்டபத்தின் பின்பக்கம் நின்று பதில் எழுதிக்கொண்டிருந்ததாக அவள் அம்மா ரெஜினா என்னிடம் குறைப்பட்டார். "பொண்ணு பாக்க வந்தவங்க, இது யாருகிட்டயோ பேசிகிட்டே இருக்குதுன்னு எழுந்து போயிட்டாங்க ஐயா. யாருகிட்டன்னு நான் என்னான்னு சொல்றது? கெழவியாட்டம் பேசிகிட்டிருக்குதுன்னா?"

ஒருமுறை அவள் டைபாய்டில் ஆறு நாள் படுத்தாள். போர்வைக்குள்ளிருந்து எல்லோருக்கும் "ஒடம்பப் பாத்துக்கப்பா" என்று எழுதினாள்.

2024 டிசம்பர் 12ஆம் தேதி அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனை. அதன் அறக்கட்டளைக்குச் சமூக ஊடக வேலை பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தாள். 2025 ஜனவரி 20, திங்கட்கிழமை சேர வேண்டும். தங்க இடம் உண்டு. எட்டு மணி நேர வேலை. ஞாயிறு விடுமுறை. கடிதத்தின் ஆறாவது விதி: பணியில் சேருபவர் வேறெந்த அமைப்பின் பக்கத்தையும் கையாளக் கூடாது, கையாளவில்லை என்று கையெழுத்திட வேண்டும்.

அந்த விதியை என்னிடம் மூன்று முறை படித்துக் காட்டினாள். "இதுதான் ஐயா எனக்கு வேணும். அவங்க வேலைன்னா அவங்க வேலை மட்டும். என் பேருல ஒரு மேசை. அங்க யாரும் என்ன அம்மான்னு கூப்புட மாட்டாங்க."

அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது.

ஞானதாஸ் கெட்டவர் அல்ல. கடிதத்தைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார். கணக்கை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார். டிசம்பர் 16ஆம் தேதி இருவரும் உட்கார்ந்து, பக்கத்துக்கு ஞானதாஸை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்க்க முயன்றார்கள். கணக்கின் சொந்தக்காரர் இவர்தான் என்பதை முதலில் உறுதிப்படுத்தும்படி திரையில் வந்தது. கேமராவை நோக்கி முகத்தைக் காட்டி, இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்ப வேண்டும்.

செத்தவர் எப்படித் திரும்புவார்? ஞானதாஸ் காசியம்மாளைக் கூப்பிட்டார்.

"எதுக்குய்யா?"

"சும்மா இப்படித் திரும்புங்க பெரிம்மா. இப்ப அந்தப் பக்கம்."

காசியம்மாள் மணப்பெண் போல் நிதானமாக இரு பக்கமும் திரும்பிக் காட்டினாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

"என்னா சொல்லுது?"

"நீங்க அன்னமேரி அம்மா இல்லையாம்."

"அத நானே சொல்லியிருப்பனேய்யா. அதுக்கு எதுக்கு இவ்ளோ ஆட்டம்?"

புதுப் பக்கம் ஒன்று தொடங்கலாம் என்றாள் அருள்ஜோதி. தொடங்கியும் பார்த்தாள். இரண்டு நாளில் முப்பத்திரண்டு பேர்தான் சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் பாத்திரம் தேய்ப்பவரின் உறவினர்கள்.

ஆக, மிஞ்சிய வழி ஒன்றுதான். கணக்கை மாற்ற முடியாவிட்டாலும் அதே கணக்கை இன்னொரு போனில் திறக்கலாம். டிசம்பர் 18ஆம் தேதி ஞானதாஸின் போனில் திறந்து கொடுத்தாள். தன் போனிலிருந்து அதை எடுத்துவிடவில்லை. ஒரு மாதம் பார்த்துக்கொண்டு பிறகு எடுக்கலாம் என்று எண்ணம். அன்று முதல் ஞானதாஸ் அன்னமேரி அம்மாவாகப் பதில் எழுதினார்.

அவர் ஒரு விரலால் எழுதுவார். சொந்தமாக எழுதிய முதல் பதிலே அவருக்குத் திருப்தியாக இருந்ததால், அதையே எல்லோருக்கும் அனுப்பினார்: "தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றது. மகிழ்ச்சி. இறைவன் துணை." ஒருவர் தன் மகளுக்கு அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தார். அவருக்கும் மகிழ்ச்சி போனது.

அருள்ஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நாள் சும்மா இருந்தாள். அந்த ஐந்து நாளும் அவள் கூடத்தில் உட்கார்ந்து எங்களோடு பல்லாங்குழி ஆடினாள். மூன்று ஆட்டம் காசியம்மாளை ஜெயித்தாள். அவள் சிரித்ததை அவ்வளவு தொடர்ச்சியாக நான் முன்பு பார்த்ததில்லை.

டிசம்பர் 23ஆம் தேதி காலை 7.04க்குத் திருமாலிடமிருந்து வந்தது: "அம்மா ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா? பேச்சே மாறிப்போச்சி. யாரு எழுதறது? ரூமுல எல்லாருக்கும் ஒரே பதிலா வருது. பயமா இருக்குது. பொங்கலுக்கு லீவு போட்டுட்டேன். ஒங்களப் பாத்து கால்ல வுழுந்துட்டுத்தான் போவேன்."

பல்லாங்குழிப் பலகை அன்றோடு அலமாரிக்கு மேலே போனது. அருள்ஜோதி மறுபடி போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லப்பா, கண்ணு கொஞ்சம் மங்கல்" என்று எழுதினாள். வர வேண்டாம், வீண் செலவு என்றும் எழுதினாள். அவர் டிக்கெட் படத்தை அனுப்பினார்.

ஜனவரி முதல் வாரம் முழுவதும் ஞானதாஸ் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்திலேயே சொல்லிவிட்டார்: "யாராவது ஒருத்தர அம்மான்னு ஒக்கார வச்சிடலாம். காது கேக்காது, பேச முடியாதுன்னு சொல்லிக்கலாம்."

காசியம்மாள் சோற்றிலிருந்து நிமிர்ந்தாள். "காதும் கேக்காது, வாயும் பேசாது. அப்புறம் எதுக்குய்யா உசிரோட ஒருத்திய? படத்தையே நாற்காலில வையி."

"நீங்கதான் பெரிம்மா கொஞ்சம்..."

"என் மூஞ்சி கத்தார் வரைக்கும் தெரியும். வெங்காயம் உரிச்சவடா நான்."

கூடமே சிரித்தது. அருள்ஜோதி சிரிக்கவில்லை. "சார், நெசத்த சொல்லிடலாம்" என்றாள்.

"சொல்லிட்டு? பதினோரு நாள் எல எங்கேருந்து வரும்? நீ இருவதாந்தேதி பஸ்ஸு ஏறிடுவ. நான் இவங்க மூஞ்சியில முழிக்கணும்."

அவள் எங்கள் இலைகளைப் பார்த்தாள். முடிவில் அம்மா வேளாங்கண்ணிக்குப் பிரார்த்தனைக்குப் போயிருப்பதாகச் சொல்வது என்று தீர்மானம் ஆனது. கூடத்தில் இருந்த அம்மாவின் படத்திலிருந்து சந்தன மாலையையும் சின்ன மின்விளக்கையும் கழற்றி அலமாரியில் வைத்தார்கள்.

ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. காலை 11.10க்கு வாடகைக் காரில் திருமால் வந்தார். மனைவி துர்காவும் வந்திருந்தார். இருவரும் புது உடை. நாற்பத்தொரு பேருக்கும் பேரீச்சம்பழப் பொட்டலம், ஆளுக்கு ஒரு சின்னக் குப்பி கோடாலித் தைலம், அம்மாவுக்குத் தனியாக ஒரு கனத்த கம்பளி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். காசியம்மாளைக் கண்டதும் கும்பிட்டார்.

"நீங்க வெங்காயம் உரிச்சவங்கதான?"

"ஆமாய்யா. இன்னிக்கும் நாந்தான் உரிச்சேன். ஒங்களுக்கும் சேத்து."

ஞானதாஸ் நாற்காலி போட்டார். அருள்ஜோதி தட்டில் டீ கொண்டுவந்தாள்.

"அம்மா எங்க சார்?"

"வேளாங்கண்ணி போயிருக்காங்க. திடீர்னு கௌம்பிட்டாங்க."

"இன்னிக்கி வரேன்னு சொல்லியிருந்தனே."

"நேத்திக்கடன். தள்ளிப்போட முடியல."

திருமால் தலையாட்டினார். "பரவால்ல. எனக்கு இருவது நாள் லீவு இருக்குது. எங்க தங்கியிருக்காங்க? கார்தான், இப்பவே போயிட்டு வந்துடறோம்."

எந்த விடுதி என்பது தீர்மானத்தில் இல்லை. திருமால் தன் போனை எடுத்தார். "நானே கேட்டுக்கறேன்" என்று எழுதி அனுப்பினார்.

ஞானதாஸின் சட்டைப் பையில் ஒரு மணி ஒலித்தது. அதே நொடியில், டீத் தட்டைப் பிடித்திருந்த அருள்ஜோதியின் இடுப்புப் பையிலும் ஒலித்தது.

திருமால் தலை நிமிர்ந்தார். யோசித்தார். மறுபடி ஏதோ எழுதி அனுப்பினார். மறுபடியும் இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

கண் சரியாகத் தெரியாத ஒருவர் மட்டும் "யாரோ போன் பண்றாங்க, எடுங்கப்பா" என்றார்.

அருள்ஜோதி தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணா, அம்மா செத்து எட்டு வருஷம் ஆவுது. எழுதினதெல்லாம் நாந்தான். நடுவுல அஞ்சு நாளு மட்டும் சார் எழுதினாரு."

ஞானதாஸ் தரையைப் பார்த்தார். திருமால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நான் நினைத்தேன். எழுந்து போவார் என்று ஞானதாஸ் நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

"மொத மொத, சாப்பிட்டியாப்பான்னு கேட்டது?"

"நாந்தாண்ணா."

"அப்ப ஒனக்கு என்னா வயசு?"

"இருவத்தஞ்சி."

திருமால் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். துர்காதான் பேசினார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. "எங்கிட்ட பத்து நிமிசம் பேசுவாரு. காசு அனுப்பிட்டேன், புள்ள படிக்குதா, அவ்ளோதான். அந்தப் பையன் சாரத்துலேருந்து வுழுந்தத, இவுரு இந்தப் பக்கத்துக்கு எழுதி வச்சிருந்தத போன லீவுல இவுரு போனுல படிச்சிதான் நான் தெரிஞ்சிகிட்டேன். வயசானவங்களாச்சேன்னு பேசாம இருந்தேன். என்னவிட சின்னப் பொண்ணா நீ?"

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிச்சி என்னா பண்றது? இவுருக்கு இனிமே யாரு இருக்காங்க?"

அருள்ஜோதி திருமாலைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் தெளிவாக இருந்தது. பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைப் போல. "இன்னியோட முடிச்சிக்கறேண்ணா. பக்கத்துல எல்லாருக்கும் தெரியப்படுத்திடறேன். இருவதாந்தேதி நான் புதுச்சேரி போறேன். வேற எடத்துல வேலை."

"போம்மா. யாரு வேணாம்னா?" என்றார் திருமால். "ஆனா தெரியப்படுத்தாத. ரூமுல பதினேழு பேரு. நான் அவனுங்ககிட்ட சொல்லப் போறதில்ல. பக்கிரின்னு ஒருத்தன், ஒங்கிட்ட கேட்டுட்டுதான் குடிய வுட்டான். அவங்கிட்ட போயி அது அம்மா இல்லடா, ஒரு பொண்ணுடான்னு சொல்லச் சொல்றியா?"

"நான் போயிடுவேண்ணா."

"போனு கூடதான வரும்?"

"அங்க ஒத்துக்க மாட்டாங்க. வேற எதுவும் பாக்க மாட்டேன்னு கையெழுத்து கேக்குறாங்க."

திருமால் அப்போதுதான் லேசாகச் சிரித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்பு. அதனால்தான் எனக்கு அது நினைவில் நிற்கிறது. "அவங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்? மூணர வருஷமா எங்களுக்கே தெரியலியே."

பிறகு அவர் எழுந்தார். கம்பளியை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்க மறுத்தாள். துர்கா அதைப் பிடுங்கி அவள் தோளில் போட்டார். அன்றைய சாப்பாடும் அவர்களுடையதுதான். பலகையில் பெயர் எழுத ஞானதாஸ் பேனாவை எடுத்தார். திருமால் இன்று வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காசியம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் சோற்றைப் பிசைவதை அவ்வப்போது பார்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை அருள்ஜோதி என்னிடம் வந்தாள். "அம்மா செத்த தேதி சரியா சொல்லுங்க ஐயா."

சொன்னேன். அவள் போனில் எழுதி முடித்துவிட்டு எனக்குக் காட்டினாள். அன்னமேரி அம்மா 2016 நவம்பர் 9இல் காலமானார், இதுவரை உங்களுக்குப் பதில் எழுதியது அருள்ஜோதி ஆகிய நான், மன்னிக்கவும், என்று ஐந்து வரி. தேதி சரியாக இருந்தது. அதைச் சொன்னேன்.

அவள் அனுப்பவில்லை. விரலை அருகில் கொண்டுபோய் எடுத்துக்கொண்டாள்.

"போட்டுட்டா, பதினேழு பேருக்கும் ஒரே நாள்ல அம்மா செத்துடுவாங்க ஐயா. திருமால் அண்ணனாவது நேர்ல வந்தாரு. மத்தவங்க பஸ்ஸுல ஒக்காந்துகிட்டு படிப்பாங்க."

"போடாவிட்டால் நீ எப்படிப் போவாய்?"

"அதத்தான் பாக்குறேன்."

அந்த ஐந்து வரி இன்னும் வரைவாக அவள் போனில் இருக்கிறது. நான் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஜனவரி 20 அன்று அவள் புதுச்சேரி போனாள். லாரன்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தார். மருத்துவமனையில் அவளுக்கு மேசை கொடுத்தார்கள். மேசை மேல் அவள் பெயர் எழுதிய சிறு பலகை இருந்ததாம். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஆறாவது விதியின் கீழ் கையெழுத்தும் போட்டாள். காலை 10.20க்குப் போட்டதாகச் சொன்னாள். அன்று காலை 7.02க்குப் பக்கிரி என்பவருக்கு அம்மாவிடமிருந்து பதில் போயிருக்கிறது: "பல்லு வலிக்கு லவங்கம் வச்சிக்கப்பா." அவள் பஸ் அப்போது நெய்வேலியைத் தாண்டியிருக்கும்.

இங்கே வீடியோ எடுப்பது இப்போது ஞானதாஸ். எடுத்து அவளுக்கு அனுப்புகிறார். அவள் மதிய இடைவேளையில், மருத்துவமனையின் மாடிப்படிக்குக் கீழே நின்று அதைப் பக்கத்தில் போடுகிறாள். அறைத் தோழிகள் கேட்டால் ஊரில் வயதான அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறாள். முன்பு ஓர் இடத்தில்தான் மறைக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு இடம்.

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, எங்களைப் பார்க்க வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கி வந்திருந்தாள். காசியம்மாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினாள்.

"என்னாடி, அன்னமேரி இன்னும் சாவலயா?"

"எங்க பெரிம்மா? வுட மாட்றாங்க."

"நீ வுடுடி மொதல்ல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இடுப்பில் மணி ஒலித்தது. ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். கிணற்றடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எழுதினாள். இருபத்திரண்டு நிமிடம் நின்றாள். அதற்குள் 4.15 பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.